மூடியின் மேல் எதுவும் வைக்கக் கூடாது

நுஸ்ரத், அக்ரம்,

போன கிழமை சாப்பிட்டு முடிந்த பிறகு நீங்கள் இரண்டு பேரும் போனில் ஒரு வீடியோவைக் காட்டினீர்கள். கட்டிலின் கால்மாட்டில் ஒரு பெட்டி. அதன் மூடி தானாகத் திறக்க, உள்ளுக்கிருந்து டீவி ஒன்று மெல்ல எழும்பி வந்தது. "வாப்பா, இது உங்களுக்குச் செய்யத் தெரியுமா? பட்டறையில ரெண்டு பேர் கேட்டிருக்காங்க" என்றாய் அக்ரம். நான் கை கழுவப் போகிறவன் போல எழும்பிப் போய்விட்டேன். உங்களுக்கு அது கோபமாகப் பட்டிருக்கும்.

செய்யத் தெரியும் மக்களே. நிறையச் செய்திருக்கிறேன். ஏன் விட்டேன் என்பதை வாயால் சொல்லப் போனால் பாதியில் எழும்பிப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுடைய எழுத்து, பிழை இருந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. கடல் தெரிய வேண்டும்

சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் கற்பிட்டிக் கடற்கரையில் ஹோட்டல்கள் எழும்பின. அதுவரை நான் செய்தது கதவு, ஜன்னல், கட்டில், பள்ளிவாசலுக்குச் செருப்புத் தட்டு. ஒரு ஹோட்டலில் மரவேலைக்கு ஆள் தேவை என்று கேட்டு முதல் நாள் போனபோது, அறையின் ஒரு பக்கம் முழுவதும் கண்ணாடியாக இருந்தது. அதற்கு நேரே கடல்.

"பாஸ், டீவிய எங்க வைக்கலாம்?" என்று முதலாளி கேட்டார். தச்சன், மேசன் எல்லாரும் அவருக்கு 'பாஸ்'தான்.

நான் கண்ணாடிப் பக்கத்தைக் காட்டினேன். அவர் தலையில் கையை வைத்தார். "கெஸ்ட் சல்லி குடுக்கிறது கடலுக்கு. அத மறைச்சா ஏசுவான். டீவி இல்லாட்டியும் ஏசுவான். ரெண்டுக்கும் நடுவுல நான் சாகிறன்."

அதற்குத்தான் இந்த டீவி லிஃப்ட். கொழும்பிலிருந்து வந்த இன்ஜினியர் பழக்கித் தந்தார். வேலை பெரிய கம்பசூத்திரம் இல்லை. இரண்டு இரும்புத் தூண், நடுவில் நீளமான ஸ்குறூத் தண்டு, அடியில் மோட்டார். மோட்டார் சுற்றத் தண்டு சுற்றும், டீவி மாட்டிய தட்டு மேலே ஏறும். ஏறுகிற டீவி பெட்டியின் மூடியைத் தள்ளித் திறக்கும். மூடிக்குப் பிணைச்சல் பின்பக்கம் இருப்பதால் அது பின்னால் சாய்ந்து சுவரோடு நிற்கும். மேலேயும் கீழேயும் ஒவ்வொரு லிமிட் சுவிட்ச். அது தட்டுப்பட்டால் மோட்டார் நிற்கும். வயர் போகவும் மூடி சாயவும் பெட்டிக்கும் சுவருக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி விடவேண்டும். சுவரில் றோல் பிளக் அடித்துப் பெட்டியை ஸ்குறூவால் சுவரோடு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் மோட்டார் ஓடும்போது பெட்டியே நடுங்கும்.

ஒரு நாள் ஒரு வெள்ளைக்காரர் குடித்துக்கொண்டிருந்த செவ்விளநீரை அந்த மூடியின்மேல் வைத்துவிட்டு ரிமோட்டை அமத்திவிட்டார். மூடி சாய, இளநீர் உருண்டு, தண்ணி சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் கொட்டி, வயரெல்லாம் நனைந்து, அந்தப் பக்கத்துக் கரண்டே போய்விட்டது. நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். இன்ஜினியர் சிரிக்கவில்லை. மறுநாள் இங்கிலீஷில் அடித்த ஸ்டிக்கர் ஒரு கட்டுக் கொண்டுவந்தார். மூடியின் மேல் எதுவும் வைக்கக் கூடாது என்று அதில் இருந்தது.

"பாஸ், நீங்க எங்க லிஃப்ட் பூட்டி வேலைய முடிச்சாலும் இத ஒட்டாம வெளிய வராதீங்க" என்றார். மிச்சமிருந்த ஸ்டிக்கர்களை நான் என் தச்சுச் சாமான் பெட்டியில் போட்டு வைத்திருந்தேன்.

2. நஜீமின் யோசனை

நஜீம் மாமாவை உங்களுக்கு நினைவிருக்கும். கருவாட்டு லொறியில் வந்து உங்களுக்கு டொபி தருவாரே, அவர். சண்டைக் காலத்தில் இயக்கக்காரர் முஸ்லிம்களான எங்களை மன்னாரை விட்டு வெளிக்கிடச் சொன்னபோது ஒரே வள்ளத்தில் வந்தோம். புத்தளத்துக் கேம்பில் என்னுடைய கொட்டிலும் அவனுடைய கொட்டிலும் ஒரே கிடுகுச் சுவரில் சாய்ந்து நின்றன. அவனுடைய மகள் ஹஸ்னா அந்தக் கேம்பில்தான் பிறந்தாள்.

ஹஸ்னாவுக்குப் புத்தளத்து ஊர்க் குடும்பம் ஒன்றில் மாப்பிள்ளை சரிவந்தது. எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய காரியம். அத்தனை வருஷம் அங்கே வாழ்ந்தும் எங்களுக்கு 'அகதி' என்ற பெயர் போகவில்லை. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது நம்முடைய வழக்கம். நஜீம் மன்னாரில் இருந்த காணியை விற்று அந்த வீட்டைக் கட்டினான். "திரும்பிப் போற எண்ணத்த வித்துப்போட்டன் மச்சான். இனி என்ட மண் எண்டா மகள்ட வாசல்தான்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

ஒரு நாள் பட்டறைக்கு வந்து குரலைத் தாழ்த்திக் கதைத்தான்.

"மச்சான், ஹோட்டல்ல செய்றியே, அந்த எழும்புற சாமான். அதுல ஒண்டு மகள்ட வீட்டுக்கு வேணும்."

"உனக்கென்ன விசரா? கடலா தெரியுது உன்ட ஹோல்ல?"

"கேளன். மாப்புளைக்கு கிரிக்கட் எண்டா உசிரு. பெரிய டீவி ஒண்டு வேணும் எண்டு என்னட்டத் தனியாச் சொன்னான். ஆனா அவன்ட உம்மா, வீட்டுக்குள்ள டீவி எண்ட சாமானே வரப்படாது எண்டு நிக்கிறா. ரெண்டு பேரையும் நான் பகைக்க ஏலுமா? மூடி வச்சா அலுமாரி. தொறந்தா டீவி."

அவன் கண்டுபிடித்த வழியில் அவனுக்கே பெருமை தாங்கவில்லை. எனக்கும் அது நல்ல வழியாகத்தான் பட்டது. முற்றிய தேக்கில், இடுப்பு உயரத்துக்கு, நீளமான அலுமாரி ஒன்று செய்தேன். மேல்மூடி ஒரே பலகை, ஒட்டுப் போடாதது. அப்படி ஒரு பலகை அதற்குப் பிறகு என் கைக்கு வரவில்லை.

3. ஒப்படைத்தது

கல்யாணத்துக்கு முந்திய நாட்களில் கொண்டுபோய்ப் பொருத்திப் பூட்டினேன். வேலைக்காரன் வீட்டுக்குள் வந்தால் பெண்கள் திரைக்குப் பின்னால் போய்விடுவார்கள், தெரியும்தானே. ஹஸ்னா சின்னதில் என் தோளில் ஏறித் திரிந்த பிள்ளைதான். ஆனாலும் கல்யாணம் நிச்சயமான பிள்ளை. திரைக்கு வெளியே மருதாணிக் கை ஒன்று தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியது. நஜீம் வாங்கி எனக்குத் தந்தான். அவ்வளவுதான் நான் அவளைக் கண்டது.

பெண்கள் குசினிக்குள் போனபிறகு நஜீம் கதவைச் சாத்தினான். நான் ரிமோட்டை அமத்திக் காட்டினேன். டீவி எழும்பியது, இறங்கியது. நடுவில் நிறுத்த அதே பட்டனை இரண்டாம் தரம் அமத்த வேண்டும் என்று காட்டினேன். பிறகு ஸ்டிக்கரை எடுத்து மூடியில் ஒட்டப் போனேன். நஜீம் என் கையைத் தட்டிவிட்டான்.

"அத ஒட்டினா என்ன இது, ஏன் வைக்கப்படாது எண்டு கேப்பாங்களே."

"கேட்டாச் சொல்லு. புள்ளைக்கும் தாய்க்கும் சொல்லித்தான் ஆகணும். மேல பூச்சாடி ஒண்டு வச்சாலும் விழுந்துரும்."

"பொம்புளைகளுக்கு இப்ப சொன்னா நாளைக்கு மகள்ட மாமிட காதுக்குப் போயிடும். கல்யாணம் முடியட்டும். நான் சொல்றன்."

"மறக்காத."

"நான் சொல்றன் எண்டுறனே, மச்சான்."

ஸ்டிக்கரை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

4. மாப்பிள்ளை வந்த பகல்

காலையில் பள்ளிவாசலில் நிக்காஹ் முடிந்தது. மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பகல் சாப்பாட்டுக்குப் பெண்வீட்டுக்கு வந்தார்கள். ஹோலில் ஆண்கள், திரைக்கு அந்தப் பக்கம் பெண்கள். நான் பின்வளவில், பலர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டங்களுக்குச் சோறு போடுகிற இடத்தில் நின்றேன். அதனால் ஹோலை நான் அதுவரை காணவில்லை.

அன்று விடிய ஹஸ்னா புது வீட்டைத் தன் கையால் துடைத்து ஒழுங்குபடுத்தியிருக்கிறாள். கேம்பில் ஓதிப் பழகிய தன்னுடைய குர்ஆனைக் கொண்டுவந்திருக்கிறாள். வீட்டில் ஆகத் துப்புரவான, ஆக உயரமான இடத்தில்தானே அதை வைப்போம். அந்த ஹோலில் அப்படி இருந்தது என்னுடைய அலுமாரிதான். அதன்மேல் வெள்ளைத் துணி போட்டு, குர்ஆனைத் தாங்கும் மரச் சட்டமான ரைஹாலை விரித்து நிறுத்தி, அதில் குர்ஆனை வைத்திருக்கிறாள். வந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்து மாஷா அல்லாஹ் சொன்னார்களாம். மாப்பிள்ளையின் உம்மாவும் சொன்னாராம்.

நஜீம், மூடியின் மேல் குர்ஆன் இருப்பதைக்கூட யோசிக்காமல், சந்தோஷத்தில் ரிமோட்டைக் கொண்டுபோய் மாப்பிள்ளையின் கைக்குள் இரகசியமாக வைத்திருக்கிறான். மாப்பிள்ளை அதைக் கதிரையில் தனக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறான். நல்ல வெயில். மாப்பிள்ளையின் தம்பி வேர்த்து வழிந்துகொண்டு வந்து, "ஃபேன் ரிமோட்டா, நானா, இது?" என்று அண்ணனைக் கேட்டுக்கொண்டே எடுத்து அமத்திவிட்டான்.

அந்த மோட்டாரின் சத்தம் எனக்கு எங்கே கேட்டாலும் தெரியும். சோற்றுக் கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

மூடி சாய்ந்துகொண்டிருந்தது. "அதத் தொடாதடா!" என்று மாப்பிள்ளை கத்தினான். பொடியன் பயந்து ரிமோட்டைக் கீழே போட, அது கதிரைகளுக்கு அடியில் போய்விட்டது. திரைக்குப் பின்னாலிருந்து ஹஸ்னாவின் குரல் ஒரே ஒரு தரம், "குர்ஆன்!" என்றது. ஆண்கள் நிறைந்த ஹோல், அவளால் ஓடிவர ஏலவில்லை. வெளியே வந்திருந்தால் அவள்தான் முதலில் போய்ப் பிடித்திருப்பாள். நான் எட்டிப் பிடிக்கப் போகக் குர்ஆன் சுவர்ப்பக்கம் வழுக்கி, நான் விட்ட அந்த நாலு விரல் இடைவெளிக்குள் இறங்கியது. ரைஹால் மூடிக்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டு 'டக்' என்று முறிந்தது. அதற்குப் பிறகும் டீவி எழும்பிக்கொண்டே வந்தது. பெரிய கறுப்பு டீவி. அதற்கென்ன தெரியும், மேலே போய் லிமிட் சுவிட்சில் தட்டி, ஒழுங்காக நின்றது.

கீழே விழுந்த குர்ஆனை உடனே எடுத்து முத்தமிட்டிருந்தால் அது வேறு கதை. எடுக்க முடியவில்லை. கை விட்டால் அடி வரை எட்டாத இடைவெளி. அலுமாரி சுவரோடு இறுகியிருந்தது. நான் பட்டறையிலிருந்து சாமான் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, முழங்காலில் நின்று, ஒவ்வொரு ஸ்குறூவாகக் கழட்டினேன். எத்தனை பேர் அந்த ஹோலில். ஸ்குறூ சுற்றுகிற சத்தம் மட்டும். நன்றாக இறுக்கியிருந்தேன், நல்ல வேலை என்று நினைத்து இறுக்கியது.

நான்கைந்து பேர் அலுமாரியை இழுக்க, நஜீம் உள்ளே கையை விட்டுக் குர்ஆனை எடுத்தான். ஒரு பக்கமும் கசங்கவில்லை. உறையில் மட்டும் மரத்தூள். தன் சட்டையால் துடைத்து, கண்ணில் ஒற்றி, நெஞ்சோடு வைத்துக்கொண்டான்.

வயதான ஒருவர், "சரி சரி, தவறுதலா நடந்தது. அல்லாஹ் மன்னிக்கிறவன். சோத்த ஆறவிடாதீங்கப்பா" என்றார். இரண்டு பேர் சிரிக்கக்கூடச் சிரித்தார்கள். முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போது மாப்பிள்ளையின் உம்மா திரையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அலுமாரியைப் பார்த்தார், டீவியைப் பார்த்தார்.

"குர்ஆன மேல வச்சி, அதுக்குக் கீழ ஷைத்தான்ட பெட்டிய ஒளிச்சி வச்சிருக்கீங்க. என்ட கண்ணக் கட்டவா?"

"சம்மந்தி, குத்தம் என்னில" என்றான் நஜீம். "நான்தான் வாங்கினன். புள்ளைக்கு ஒண்டும் தெரியாது."

"தெரியாமலா அதுக்கு மேல கொண்டுபோய் வச்சா? பாக்கிற ஆளுக்கு ஒண்டும் விளங்கப்படாது எண்டுதானே வச்சது? நான் மாஷா அல்லாஹ் சொல்லிப்போட்டு நிக்கிறன், பைத்தியக்காரி மாதிரி." பிறகு அவர் சொன்னதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "கேம்புல ஒரே கொட்டில்ல எல்லாத்தையும் அடுக்கி வச்சு வளந்தவங்களுக்கு எது மேல, எது கீழ எண்டு எப்புடித் தெரியும்?"

மக்களே, கேம்புக்குள் வெள்ளம் ஏறும்போது நாங்கள் முதலில் உயர்த்தியது குர்ஆனைத்தான். துணிப்பையில் போட்டு முகட்டுக் கம்பில் கட்டிவிட்டுத்தான் அரிசியைத் தூக்கினோம். ஹஸ்னா அதைப் பார்த்து வளர்ந்தவள். எது மேலே என்று அவளுக்குத் தெரிந்ததால்தான் அன்றைக்கு அப்படி நடந்தது.

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். "நான்தான் கேட்டன் உம்மா" என்று ஒரு வார்த்தை அவன் சொன்னால் போதும். அவன் கார்ப்பெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் வாயைத் திறக்கப் போனேன். நஜீம் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக் காதுக்குள் சொன்னான்: "வாயத் தொறக்காத மச்சான். மாப்புளய அவன்ட உம்மாக்கு முன்னால சின்னப்படுத்தினா என்ட புள்ள வாழ்றது எப்புடி?"

பிள்ளை வாழ வேண்டும் என்றுதான் நஜீம் பேசாமல் நின்றான். நானும் நின்றேன்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரு சஹனிலும் உட்காரவில்லை. கை நனைக்காமல் எழும்பிப் போனார்கள். மாப்பிள்ளை, "உம்மாவ வீட்ல விட்டுப்போட்டு வாறன்" என்று சொல்லிப் போனான்.

5. பிறகு

வந்தான், இல்லை என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் வந்தும் வராமலும் இருந்தான். வந்த நாளில் அவளோடு கதைக்காமல் இருந்தான். அவனுக்காகச் செய்த டீவியை அவன் ஒரு நாளும் எழுப்பிப் பார்க்கவில்லை. பிறகு கத்தாருக்குப் போனான். அங்கிருந்து அழைப்புக் குறைந்தது, நின்றது. கடைசியில் காதி நீதிமன்றத்தில் விவாகரத்தாகி முடிந்தது. ஹஸ்னா வாப்பா உம்மாவோடு பின்வளவில் இருந்த பழைய வீட்டுக்குப் போய்விட்டாள். புது வீட்டைப் பூட்டி வைத்தார்கள். வாடகைக்குக் கேட்டு வந்தவர்களும் அந்தப் பகலைப் பற்றிக் கேள்விப்பட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஒரு நாள் நஜீம் என்னைக் கூப்பிட்டான். ஆள் பாதியாகிப் போயிருந்தான்.

"அந்த மோட்டாரக் கழட்டி எடுத்துட்டுப் போ மச்சான். உனக்கு எங்கயாவது உதவும்." சாவியைத் தந்துவிட்டு லொறியில் ஏறிப் போய்விட்டான்.

நான் வளவால் போகும்போது பழைய வீட்டு வாசலில் ஹஸ்னா நின்றாள். திரை இல்லை. அவள் என் முகத்தைப் பார்த்துக் கதைத்தது அத்தனை நாளுக்குப் பிறகு அன்றுதான்.

"மாமா, ஒண்டு கேக்கவா?"

"கேளு மகள்."

"அது எழும்பும் எண்டு எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?"

"தெரியப்படாது எண்டு வாப்பா சொன்னார், மகள்."

"யாருக்குத் தெரியப்படாது?"

"மாமிக்கு."

"அப்ப எனக்கு?"

கோபமாகக் கேட்கவில்லை. ஏசியிருந்தால் நான் எதையாவது சொல்லித் தப்பியிருப்பேன். பிறகு, "வெயிலா இருக்கு மாமா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று உள்ளே போனாள். தேத்தண்ணிக்கு நான் நிற்கவில்லை.

அக்ரம், கேட்டவர்களுக்கு நீ லிஃப்ட் செய்து கொடுப்பதென்றால் செய்து கொடு. கணக்கும் அளவும் நான் சொல்லித் தருகிறேன். ஒன்றை மட்டும் கேள். ஒப்படைக்கிற நாளில் சல்லி தருகிற ஆளுக்கு மட்டும் காட்டிவிட்டு வராதே. அந்த மூடியில் தினமும் தூசு துடைக்கப் போகிற ஆள் யார் என்று கேட்டு, அவரைக் கூப்பிடு. திரைக்குப் பின்னால் இருந்தால் திரைக்கு வெளியே நின்று உரத்துச் சொல். நுஸ்ரத்தைக் கூட்டிக்கொண்டு போ, அவள் உள்ளே போய்க் காட்டட்டும். 'நான் சொல்றன்' என்று வீட்டு ஆம்பிளை சொன்னால் கேளாதே. பெண்களுக்குத் தெரியப்படாது என்று சொன்னால் சாமானைத் திருப்பி ஏற்றிக்கொண்டு வா.

இதை நீங்கள் படிப்பதால் ஹஸ்னாவுக்கு ஒன்றும் திரும்பி வரப்போவதில்லை. அது எனக்குத் தெரியும்.

நஜீம் சாவி தந்த அன்றைக்கு நான் புது வீட்டின் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். மோட்டாரையும் தண்டையும் கழட்டினேன். டீவியை இறக்கித் துணியால் சுற்றி மூலையில் வைத்தேன். மூடியின் பிணைச்சல்களை எடுத்துவிட்டு, பலகையை அலுமாரியோடு சேர்த்து நாலு பக்கமும் ஸ்குறூ அடித்து, ஸ்குறூத் தலைகளைத் தேக்குத் துண்டால் அடைத்துச் சீவி விட்டேன். முறிந்த ரைஹால் ஜன்னல் விளிம்பில் கிடந்தது, ஒருவரும் எறியவும் இல்லை, திருத்தவும் இல்லை. அதன் காலுக்குப் பசை வைத்து நூலால் கட்டி, காயும் வரை பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். காய்ந்ததும் நூலை அவிழ்த்தேன். மூடியைத் துடைத்தேன். குர்ஆன் ஹஸ்னாவிடம் இருந்தது, அதனால் ரைஹாலை வெறுமையாகவே விரித்து மேலே வைத்தேன். இரண்டு கையாலும் மூடியை அமத்திப் பார்த்தேன், தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.